லூர்து லாட்ஜின் பின்கட்டு

பிராங்க்ளின்: பின்கட்டையும் ஒருதடவ அளந்துருவோம்ணே. டேப்பு நுனியப் பிடி.

செபஸ்தியான்: அங்கிட்டுப் போகாத. மேக்கூரை பேந்து விழுகுது. உந்தலையில விழுந்தா உம் பொண்டாட்டிக்கு ஆரு பதில் சொல்றது?

பிராங்க்ளின்: நான் இஞ்சினியருணே. பேந்து விழுகுறதப் பாக்கத்தானே கோயமுத்தூர்லருந்து வந்திருக்கேன். அஞ்சு, ஆறு ரெண்டு ரூமுதான் பாக்கி. சாவியக் குடு.

செபஸ்தியான்: சாவி… தொலஞ்சு போச்சு.

பிராங்க்ளின்: முப்பது வருசமா லாட்ஜ நடத்துற. ஒரு சாவி தொலச்சதில்ல. இடிக்கப்போற நேரத்துல தொலச்சிட்டியாக்கும்?

செபஸ்தியான்: இடிக்கப்போறோம்னு நீதான் சொல்ற. நான் இன்னும் கையெழுத்துப் போடல.

பிராங்க்ளின்: எத்தன தடவண்ணே பேசுறது? பஸ் ஸ்டாண்டச் சுத்தி ஏசி ரூமு வந்துருச்சு. நம்மகிட்டப் பொதுக் கக்கூசு. பன்னெண்டு நாளைக்கு ஒருக்கத் தண்ணி. ஆரு வந்து தங்குவா?

செபஸ்தியான்: பழனிக்கு நடந்து போறவுக வாராக.

பிராங்க்ளின்: அது தைப்பூசத்துக்கு. மத்த பதினோரு மாசம்?

செபஸ்தியான்: மூட்டப்பூச்சி தங்குது.

பிராங்க்ளின்: வெளையாடாதணே. அப்பா கட்டுனது. சும்மா விட்டா தானா விழுந்துரும். வயசானவுகளுக்கு வீடு கட்டுவோம். இருபத்திநாலு வீடு, லிப்ட்டு, கக்கூசுல பிடிச்சுக்கிற கம்பி, எல்லாருக்கும் ஒரே சமையக்கட்டு. பிள்ளைக வெளிநாட்டுல இருக்கிறவுக இப்பவே கேக்குறாக.

செபஸ்தியான்: கேப்பாக. பிள்ளைக அனுப்புறவுக கேப்பாக. இல்லாதவுக எங்க போவாக?

பிராங்க்ளின்: இல்லாதவுக இப்ப இங்க ஆரு இருக்கா?

செபஸ்தியான்: ஒருத்தரும் இல்ல. பொதுவாச் சொன்னேன்.

பிராங்க்ளின்: சரி… அந்தக் கொடியில பச்சச் சேல காயுதே, அது ஆருது?

செபஸ்தியான்: அது… பெருக்க வர்ற ஜெய்தூன் பீவி. வீட்டுல தண்ணியில்லேன்னு இங்க தொவைக்குது.

பிராங்க்ளின்: பக்கத்துல கெடக்குற வேட்டியும் அதோடதா?

செபஸ்தியான்: ஏலே, நீ ரூமு அளக்க வந்தியா, துணி எண்ண வந்தியா?

பிராங்க்ளின்: உள்ள ஆரோ இருமுறாக…

செபஸ்தியான்: பூன.

பிராங்க்ளின்: முருகா முருகான்னு இருமுற பூனைய இப்பத்தாண்ணே கேக்குறேன்.

செபஸ்தியான்: செத்த நேரம் இந்தப் பெஞ்சுல உக்காரு. சத்தம் போடாத. ரெண்டு பேரு இருக்காக.

பிராங்க்ளின்: ம்.

செபஸ்தியான்: ஆறுல முத்துச்சாமின்னு ஒருத்தர். லாரி ஓட்டுனவரு. ரெண்டு நாத் தங்க வந்தாரு. மூணாம் நா காலையில பைய எடுத்துக்கிட்டுக் கெளம்புனாரு. எங்க போறீகன்னு சும்மாதான் கேட்டேன். படியில நின்னு யோசிச்சாரு பாரு… கா மணி நேரம் யோசிச்சாருடா. பைய வாங்கி நானே உள்ள கொண்டுபோயி வச்சுட்டேன்.

பிராங்க்ளின்: அஞ்சுல?

செபஸ்தியான்: சிவனம்மா. நாலு வருசத்துக்கு முன்ன மகன் கூட்டியாந்தான், கண்ணு டாக்டருக்குக் காட்டணும்னு. மருந்து வாங்கியாரேன்னு போனவன்தான்…

பிராங்க்ளின்: வரல.

செபஸ்தியான்: வரல. வேடசந்தூர் பக்கத்துல அவுக ஊருக்கே தேடிப் போனேன். அந்த வீட்டுல வேற ஆளுக இருக்காக. வித்துட்டுக் குடும்பத்தோட போயிட்டானாம். எங்கேன்னு ஒருத்தருக்கும் தெரியல. திரும்பி வந்து அதுக்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? உம்மகன் வேலையா இருக்காப்ல, வருவாப்லன்னேன். இப்பக் கண்ணு நெழலாத்தான் தெரியுது. சாயங்காலமானா தல சீவிக்கிட்டு வாசப்பக்கம் உக்காந்திருக்கும்.

பிராங்க்ளின்: எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல.

செபஸ்தியான்: சொன்னா இது லாட்ஜா, சத்திரமான்னு கேப்ப. நீ கட்டப்போற வீட்டுல இவுகளுக்கு எடமேது? அதான் பேனாவ எடுத்தாலே கை ஓட மாட்டேங்குது. இவுகள எங்க கொண்டுபோயி விடுவேன்?

சிவனம்மாள்: ஆரு அங்கன பேசுறது? பாண்டியா? வந்துட்டியாய்யா?

செபஸ்தியான்: பாத்தியா… எந்த ஆம்பளக் கொரலு கேட்டாலும் இப்படித்தான். இல்லாத்தா, இது எந்தம்பி…

பிராங்க்ளின்: வந்துட்டேம்மா. எந்திரிக்காதீங்க. நான் வாரேன்.

செபஸ்தியான்: ஏலே!

சிவனம்மாள்: போன தடவ நீ கொண்டாந்த கம்பளி நல்லாருக்குய்யா. கால் கொடச்சலு கொறஞ்சிருக்கு.

செபஸ்தியான்: போன தடவையா?

பிராங்க்ளின்: கையக் குடுங்கம்மா. இப்படி வெயில்ல உக்காருங்க… அண்ணே, இங்குட்டு வா. மெதுவாப் பேசு.

செபஸ்தியான்: நீ எப்படா வந்த?

பிராங்க்ளின்: போன வருசம் ஆபரேசனுக்கு நீ ஆஸ்பத்திரியில கெடந்தீல்ல. பத்திரம் எடுக்க இங்க வந்தேன். என் கொரலக் கேட்டுட்டு, பாண்டியான்னு சொவரப் பிடிச்சு வந்து கையப் பிடிச்சுக்கிருச்சு. இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்பறம் மாசம் ஒருக்க வாரேன். ஞாயித்துக்கிழம நீ பூசைக்குப் போற நேரமாப் பாத்து.

செபஸ்தியான்: கோயமுத்தூர்லருந்தா? கதவு ஆரு தெறக்குறா?

பிராங்க்ளின்: முத்துச்சாமி அண்ணன்தான். உங்கிட்டச் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிருக்கேன்.

செபஸ்தியான்: அடப் பாவிகளா, அந்தாளும் கூட்டா! நான் போடுற சோத்தத் தின்னுக்கிட்டு… நீயும் டேப்பப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாதவனாட்டம் சேல ஆருது, வேட்டி ஆருதுன்னு…

பிராங்க்ளின்: நீயாச் சொல்லணும்னு பாத்தேன். நான் மொத வரஞ்சது கடைக் காம்ப்ளெக்ஸுணே. அதுக்குத்தான் இந்த எடத்துல மதிப்பு. இவுகளப் பாத்தப்பறம் அதக் கிழிச்சுப் போட்டேன். இந்தா, இந்தப் பிளான விரிச்சுப் பாரு. கீழ்த்தளம், கெழக்குப் பாத்த ரெண்டு வீடு. பக்கத்துல என்ன எழுதிருக்கு?

செபஸ்தியான்: கண்ணாடி கொண்டாரலடா. எழுத்து மங்கலாத் தெரியுது.

பிராங்க்ளின்: கண்ணாடி உன் மூக்குலதான் இருக்கு.

செபஸ்தியான்: …விற்பனைக்கு அல்ல.

பிராங்க்ளின்: கட்டி முடிக்கிற வரைக்கும் நாகல் நகர்ல ஒரு வீடு பாத்திருக்கேன். நீயும் அவுக கூடத்தான் இருக்கணும். வேற ஆருகிட்டயும் முத்துச்சாமி அண்ணன் இருமலுக்கு மாத்தர வாங்கி முழுங்க மாட்டேங்குறாரு.

செபஸ்தியான்: பேனாவக் குடுலே.

பிராங்க்ளின்: மொத டீயக் குடிப்போம். நாலு வாங்கியாரேன். அம்மா, உங்களுக்குச் சீனி போடாமத்தானே?

சிவனம்மாள்: கொஞ்சூண்டு போடச் சொல்லுய்யா. இன்னைக்கு மட்டும்.

செபஸ்தியான்: …ஆத்தா. ஒண்ணு சொல்லணும். மனசத் தேத்திக்கிரணும். இப்ப டீ வாங்கப் போறானே, அது…

சிவனம்மாள்: எம்மவன் இல்ல.

செபஸ்தியான்: தெரியுமா ஆத்தா?

சிவனம்மாள்: கண்ணுதான் தம்பி போச்சு. எம்மவன் நூல் மில்லுல வேல பாத்தவன். நூலு அறுத்த தழும்பு வெரலெல்லாம் கெடக்கும். இந்தப் பிள்ள கையி பஞ்சாட்டம் இருக்கு. எம்மவன் வா போன்னுதான் பேசுவான். இது நீங்க நாங்கன்னுது. மொத நாளே தெரியும்.

செபஸ்தியான்: பெறகு ஏன் ஆத்தா…

சிவனம்மாள்: ஆள் மாத்திப் பிடிச்சுட்டோம்னு கைய விடத்தான் போனேன். அதுக்குள்ள வந்துட்டேம்மான்னு சொல்லிப்புடுச்சு. சொல்லிட்டு எங்கைய விடாமப் பிடிச்சுக்கிருச்சு தம்பி. அதுக்குத் தாயி இல்லயோ?

செபஸ்தியான்: அவனுக்கு மூணு வயசுலயே போயிட்டாக.

சிவனம்மாள்: நெனச்சேன். அம்மான்னு கூப்புடுறதுக்கு அம்புட்டு தூரத்துலருந்து வருது. அதுக்கிட்டப் போயி நீ எம்மவன் இல்லேன்னா நான் சொல்லுவேன்? எனக்குத் தெரியும்னு நீங்களும் சொல்லிப்புடாதீக.