நிலை: சிகிச்சையில்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். காகிதம் எதையாவது மடித்து அடியில் வையுங்கள். கோணலாக இருப்பதைச் சரி செய்யாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. என் மனைவி அதைச் சொல்லியே கேலி செய்வாள்.

அவள் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் போய்ச் சேர்ந்தாள். அங்கே நோயாளிகளின் பதிவுகளைக் கணினியில் பார்த்துக்கொள்பவன் நான். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினால், அவள் பெயருக்கு நேரே 'இறந்தவர்' என்று இருக்கிறது. அதைச் 'சிகிச்சையில்' என்று மாற்ற ஒரு கட்டளை எழுதினேன். எந்த நோயாளிக்கு என்ற நிபந்தனையைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும். நிபந்தனை இல்லாவிட்டால் அட்டவணை முழுவதும் மாறிவிடும். குணமாகி வீட்டுக்குப் போனவர்கள், செத்தவர்கள், எல்லோரும் சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள்.

உடனே திருப்பியிருக்கலாம். முந்தைய நாளின் நகல் கையில் இருந்தது. அதற்குள் என் போனுக்குத் தானாக ஒரு செய்தி வந்தது: 'உங்கள் மனைவி சிகிச்சையில் இருக்கிறார். பார்வை நேரம் மாலை நான்கு மணி.'

சொல்லுங்கள் சார், எந்தப் புருஷன் அதற்குப் பிறகு திருப்புவான்? ஒருமுறை சாகக் கொடுத்தது போதாதா?

வரவேற்பில் வேலை பார்க்கும் அக்கா போனில் கூப்பிட்டார். "தம்பி, படுக்கை எல்லாம் நிரம்பிடுச்சுன்னு காட்டுது. இங்க ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். தப்பா இருக்குமோ?"

என் அறைக் கண்ணாடி வழியாக வார்டு தெரியும். நாலைந்து படுக்கைகள் காலியாகவே கிடந்தன. அவளுடையதும்.

"ஸ்கிரீன்ல இருக்கிறது சரிதாங்க்கா," என்றேன்.

வாசல் பக்க ஜன்னலில் பார்த்தேன். பெரியவரின் மகள் அவருடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துக்குங்கப்பா, வேற எடத்துக்குப் போயிடலாம்," என்று காரில் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் அதே கார் திரும்பி வந்தது. இறங்கும்போது அவளிடம் அவசரம் இல்லை. செருப்பு மட்டும் இன்னும் கையிலேயே இருந்தது. அந்தச் செருப்புதான் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

நான்கு மணிக்கு என் மனைவியின் படுக்கையருகே போய் உட்கார்ந்தேன். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

பெரியவரையும் நான் மறக்கவில்லை. அவர் பெயரைச் சேர்த்து, என் மனைவிக்குப் பக்கத்துப் படுக்கையைக் கொடுத்து, சிகிச்சையில் என்று போட்டேன். அந்த மகளுக்கும் இந்நேரம் செய்தி போயிருக்கும்.

கொலை என்று எழுதுகிறீர்களே, சார். அட்டவணையைத் திறந்து பாருங்கள். செத்தவர் என்று ஒருவராவது இருக்கிறாரா?