மாட்டுங்காவில் வைத்த வார்த்தை

"குர்லாவுல காய்ச்சல வச்சிருக்கேன்," என்றாள் எதிரில் இருந்த பெண். சனிக்கிழமை மதியம், மும்பை லோக்கல் ரயிலின் லேடீஸ் பெட்டியில் பாதிப் பேர் கண்ணயர்ந்திருந்தார்கள். அவள் மடியில் ஜெர்மன் பாட நோட்டு. நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகிறாளாம்.

"என்னட்டி உளறுத?" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

"ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தைய வச்சுத்தான் மனப்பாடம் பண்ணுதேன். விக்ரோலியில தலையணை, காட்கோபர்ல தாகம். நேத்து டெஸ்ட்ல கண்ண மூடி மனசுக்குள்ள ட்ரெய்ன் ஏறினேன். எல்லாம் ஜெர்மன்ல வந்துச்சு. மாட்டுங்காவுல வச்சது மட்டும் வரல."

"ஏன்?"

"பழக்கத்துல அதுக்கு முந்தின ஸ்டேஷன் சயான்லயே எறங்கிட்டேன். வீடு அங்கதான?"

தோழி சிரிக்கவில்லை. "திங்கக்கெழம மறுபடி டெஸ்டுல்லா. இன்னைக்கு சயான்ல எறங்காத. மாட்டுங்கா போயி எடுத்துட்டு வந்துருவோம்."

சயான் வந்தது. அவர்கள் எழவில்லை. அங்கே இறங்க வேண்டிய நானும் எழவில்லை. நோட்டுக்காரப் பெண் பிளாட்பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாட்டுங்காவில் வண்டி நின்றதும், "ஹைம்வே," என்றாள் மெதுவாக.

"அப்படின்னா?"

"வீட்டு நெனப்பு."