தீர்க்கப்பட்டது என்று எழுதிய கை

வெள்ளை வேட்டியும் விரிந்த புன்னகையுமாக நடுநாயகமாக வீற்றிருந்து இந்த அவையை நடத்தித் தரும், தோல் வணிகத்தில் தலைநரைத்த, தோல்மண்டித் தெரு குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் பெருமதிப்புக்குரிய நைனா முகமது அவர்களே! வார்த்தைக்கு வார்த்தை வாழ்த்தி என்னை வெட்கப்பட வைத்த செயலாளர் ரொனால்டு அவர்களே! முன்வரிசையில் முதுகு வலியையும் பொறுத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடே வந்து உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும், கால் அலுத்தும் அன்பு அலுக்காமல் வந்து நிற்கும் சண்முகவள்ளியின் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

என்னப்பா? கேட்கலையா? மைக்கைக் கிட்ட வைக்கிறேன், செத்த நேரம் பொறுங்க. ம். இப்போது கேட்கிறதா? நல்லது.

முப்பத்தொரு ஆண்டுகள் மாநகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வடமதுரையிலிருந்து காலைப் பேருந்தில் வந்து, மாலைப் பேருந்தில் திரும்பி, அந்தப் பேருந்தின் ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கியே என் இளமை போயிற்று. வரும் வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறேன். அதற்குள் பாராட்ட வேண்டும் என்று அழைத்தீர்கள். நம் செயலாளர், "இந்தத் தெருவுக்குத் தண்ணீர் தந்த தாய்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன். மனம் ஒப்பவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கேட்ட பிறகும் தட்டத் தோன்றினால் தட்டுங்கள்.

நீங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்கிறீர்கள். "எங்கள் தெருவில் தண்ணீர் வரவில்லை." அவ்வளவுதானே? அந்த ஒரு வரி எங்கே போகிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? அது என் மேசைக்கு வரும். நான் கணினியில் ஏற்றுவேன். அது மேற்பார்வையாளருக்குப் போகும். அவரிடமிருந்து பிட்டருக்குப் போகும். பிட்டர் என்றால் யார்? மெயின் குழாயில் உள்ள வால்வைத் திறந்து உங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் மனிதர். எங்கள் பக்கத்துக்கு எத்தனை பிட்டர் இருந்திருப்பார்கள்? சொல்லுங்கள் பார்ப்போம். பத்தா? பதினைந்தா? நான்கு பேர், அம்மா! நான்கே பேர்! அந்த நால்வருக்கு இருநூற்றுப் பதினாறு வால்வுகள்! விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு தெருவைத் திறந்து, ஏழு மணிக்கு மூடி, அடுத்த தெருவுக்கு ஓடுவார்கள். ஆளுயர இரும்புச் சாவியைச் சொந்த டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு அலைவார்கள். நீங்கள் குடத்தைத் தூக்கும்போது அவர்கள் உங்கள் கண்ணில் படமாட்டார்கள். தண்ணீர் வராத நாளில்தான் அவர்களைத் தேடுவீர்கள்.

இதில் இன்னொரு கதையும் உண்டு. வந்த புகாரை ஏழு நாளைக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் மேலதிகாரியின் திரையில் அது சிவப்பாகத் தெரியும். சிவப்பு தெரிந்தால் அவரைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். அவர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்துவார். சிவப்பு கூடாது, சிவப்பே கூடாது. ஆகவே ஆறாம் நாள் மாலையில் நான் என்ன செய்வேன்? ஒரு பொத்தானை அழுத்துவேன். "தீர்க்கப்பட்டது" என்று விழும். தண்ணீர் வந்ததா? தெரியாது. பார்த்தேனா? பார்க்கவில்லை. பார்க்க நேரம் இருந்ததா? இல்லை. ஆனாலும் தீர்க்கப்பட்டது!

சென்ற பங்குனியில் உங்கள் தெரு வறண்டது. நான்கு நாளைக்கு ஒருமுறை வரவேண்டிய தண்ணீர் ஐந்து முறை தொடர்ந்து வரவில்லை. இருபது நாள்! உங்கள் தெருவிலிருந்து வந்த பதினொரு புகார்களையும் மூடியது யார்? மேலே இருக்கும் எவரோ அல்ல. உங்கள் முன்னால் மாலை மரியாதையோடு நிற்கும் இந்தச் சண்முகவள்ளி. இந்தக் கை.

கைதட்டல் எங்கே போயிற்று? பரவாயில்லை. இந்த அமைதிதான் எனக்கு உரியது.

பதினொன்றாவது புகார் குர்ஷித் பேகம் கொடுத்தது. அதோ மூன்றாம் வரிசையில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிக்கிறாரே, அவர்தான். நான் அதை மூடிய அன்று, அவர் மகள் ஷாஹினாவுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள். பச்சைக் குழந்தையின் துணி அலசத் தண்ணீர் இல்லை. இரண்டு தெரு தள்ளிப் போய்ச் சுமந்து வந்துகொண்டிருந்தார். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. அப்படி வரும் வழியில் போன் கிணுகிணுத்தது. குடத்தை இறக்கிவைத்துப் பார்த்தார். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. நன்றி."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு எங்கள் படியேறி வந்தார். என் மேசையில் கிடந்த காகிதங்களை ஒரு கையால் ஒதுக்கினார். காலிக் குடத்தை நடுவில் வைத்தார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா இது?" என்றேன்.

"போன்ல தீர்ந்துருச்சுன்னு வந்துச்சு தாயி. அந்தத் தீர்வ இதுல ஊத்துங்க. புள்ளைக்கு வெந்நி வைக்கணும். நான் வாங்கிட்டுப் போறேன்" என்றார்.

"தெரியாம நடந்துபோச்சும்மா. பிட்டர அனுப்புறேன், வீட்டுக்குப் போங்க."

"எம்புட்டுத் தடவ அனுப்புவீக? ஒரே ஒருவாட்டி நீங்க வந்து பாருங்களேன். இந்தா இருக்கு தெரு. நடந்தாக் கால் மணி நேரம்."

கத்தவில்லை. சபிக்கவில்லை. ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஏச்சுக்கு எங்களிடம் பதில் உண்டு. முப்பது ஆண்டுகளாகத் தெருத்தெருவாகப் புகார் எழுதிய நான், எந்தத் தெருவையும் போய்ப் பார்த்ததில்லை. அப்போதுதான் அது எனக்கே உறைத்தது.

அவர் எதிரிலேயே அந்தப் புகாரைத் திரும்பத் திறந்தேன். "தீர்க்கப்படவில்லை" என்று எழுதினேன். என் பெயரையும் போட்டேன். பிறகு பிட்டர் கருப்பணனுக்குப் போன் செய்தேன். அரை நாள் விடுப்பு எழுதிவைத்துவிட்டு அவரோடு உங்கள் தெருவுக்கு வந்தேன்.

சோதித்துப் பார்க்கத் தெருமுனை வால்வைக் கருப்பணன் திறந்துவிட்டார். தண்ணீர் உள்ளே வருகிறது. வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கே மறைகிறது? கையோடு கொண்டுவந்த குழாய் வரைபடத்தைப் பிரித்தேன். அது நான் வேலைக்குச் சேருமுன் போட்டது. மடிப்பில் கிழிந்து, உங்கள் தெரு இருக்கும் இடத்தில் ஓட்டை!

கருப்பணன் நீளமான ஓர் இரும்புக் கம்பியை எடுத்தார். ஒரு முனையைத் தரையில் ஊன்றினார். மறுமுனையைக் காதில் வைத்தார். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பாரே, அப்படி! தார் கொதிக்கும் வெயிலில் மண்டியிட்டு, பத்தடிக்கு ஒருமுறை பூமியைக் கேட்டுக்கொண்டே போனார். நம் தலைவர் வீட்டு வாசலில் நின்றார். திரும்பக் கேட்டார். எழுந்தார்.

தலைவர் அவர்கள் அன்று கடும் கோபத்தில் இருந்தார். சொல்லலாமல்லவா, ஐயா? சிரிக்கிறார், சொல்கிறேன். "நாலாவது தடவையா வாரீக! வந்து தரைய மோந்து பாத்துட்டுப் போறதுக்கு உங்களுக்கு ஒரு ஆபீஸா?" என்று கேட்டார்.

கருப்பணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மொதலாளி, தண்ணிச் சத்தம் உங்க வாசல் வரைக்கும் வருது. அதுக்கு அங்கிட்டு இல்ல. இங்கன ஒரு பழைய வால்வு பொதைஞ்சு கெடக்கு. ரோட்ட ஒசத்திப் போட்டப்ப மூடிருப்பாங்ய. அதுக்கு மேல நீங்க சிமென்ட் போட்டிருக்கீக."

தலைவர் குனிந்து அந்தச் சிமென்டைப் பார்த்தார். அந்தச் சிமென்ட் சரிவு அலங்காரத்துக்குப் போட்டதல்ல. அவர் துணைவியார் ரஃபியா அம்மாவுக்கு இரண்டு காலும் நடக்க வராது. சக்கர நாற்காலி இறங்கி ஏற அந்தச் சரிவைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தார். சாயங்காலம் அதன் வழியாக வாசலுக்கு வந்து நாலு பேரிடம் பேசுவதுதான் அந்த அம்மாவுக்கு வெளியுலகம். அதை உடைக்கச் சொல்ல எந்த வாய்க்குத் துணிவு வரும்? என் வாய்க்கு வரவில்லை. கருப்பணனும் கடப்பாரையைத் தொடவில்லை. தலைவர், "வேற வழியே இல்லையாப்பா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "என்னத்துக்கு நின்னுக்கிட்டு இருக்கீக? உடைங்க."

"ரஃபியா, நீ எப்படி வெளிய வருவ?"

"நான் வீட்டுக்குள்ள இருந்துக்கிறேன். பன்னெண்டு நாள் புள்ள இருக்க வீட்ல தண்ணி இல்லங்கிறாக. எனக்கு வாசலா இப்ப முக்கியம்?"

முதல் அடியைத் தலைவரே அடித்தார். தன் கையால் கடப்பாரையை வாங்கி, தன் வாசலைத் தானே உடைத்தார். இரண்டரை அடி ஆழத்தில் வால்வு கிடைத்தது. உள்ளிருந்த தகடு துருப்பிடித்துக் கழன்று, வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. கருப்பணன் சேற்றில் மார்பு பதியப் படுத்து, மூன்று மணி நேரம் போராடி அதை வெளியே எடுத்தார். மறுநாள் காலை உங்கள் முறை. ஆறு மணிக்குக் குர்ஷித் அம்மா எனக்குப் போன் செய்தார். குழாயடியில் போனை வைத்துவிட்டார். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான், செருப்பை மாட்டாமல் அப்படியே நின்று கேட்டேன்.

இப்போது சொல்லுங்கள். தண்ணீர் தந்தது யார்? நானா? குடத்தைச் சுமந்து படியேறி வந்தவர் ஒருவர். சேற்றில் படுத்தவர் ஒருவர். புதிய வால்வு வந்து, குழியை மூடி, சரிவைத் திரும்பக் கட்டிமுடிக்கப் பதினேழு நாள் ஆயிற்று. அந்தப் பதினேழு நாளும் வாசலைப் பார்க்காமல் உள்ளறையிலேயே இருந்தவர் ஒருவர். பாராட்டு அவர்களுக்குப் போகட்டும். ஆம், தட்டுங்கள். இதற்குத் தட்டுங்கள்!

எனக்கு என்ன கிடைத்தது? ஒரு குறிப்பாணை. "மூடிய புகாரை அனுமதியின்றித் திறந்தது ஏன்?" எங்கள் அதிகாரி கெட்டவர் அல்ல. "உண்மைய எழுதிட்டீங்க சண்முகவள்ளி, நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?" என்றார். அவர் கண்ணிலும் என்னைப் போலவே தூக்கமில்லை. என்னைப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார். இந்த ஓராண்டாக அங்கேதான் தும்மிக்கொண்டிருக்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் மகிழ்ச்சியாக மேடையை விட்டு இறங்கியிருப்பேன். ஆனால் உங்கள் தெருவில் தண்ணீர் வந்த அதே காலை, ஒன்பது மணிக்கு இன்னொரு போன். அடுத்த தெருவிலிருந்து தீபா என்ற பெண். "அக்கா, எங்களுக்குப் போன தடவ வரைக்கும் நல்லா வந்துச்சு. இன்னைக்கு நூலாட்டம் வருது. என்ன செஞ்சீங்க?"

என்ன செய்தோம்? தொட்டி ஒன்றுதான். அதில் உள்ள தண்ணீரும் அதே அளவுதான். இருபது நாள் உங்களுக்கு வராத தண்ணீர் அவர்களுக்குப் போயிற்று; இன்று நீங்கள் குடித்தால் அவர்களுக்குக் குறைகிறது. அன்றிலிருந்து கருப்பணன் உங்களுக்கு ஒரு திருகு, அவர்களுக்கு ஒரு திருகு என்று அளந்து அளந்து நிற்கிறார். இந்த விழாவுக்கு அவரையும் அழைத்தீர்களாம். வரவில்லை. எப்படி வருவார்? இந்நேரம் செம்பட்டி ரோட்டில் ஏதோ ஒரு குழிக்குள் இருப்பார்.

இன்னும் ஒன்று. கோபிக்கக் கூடாது. தண்ணீர் வந்ததும் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறோமே, அது யார் பங்கு? அரை மணியில் நம் மாடித் தொட்டி நிரம்புகிறது. தெருவின் கடைசி வீட்டில் காற்றுதான் வருகிறது. அந்த வீட்டுக்காரர் போன் செய்கிறார். ஏழாம் நாள் நெருங்குகிறது. என் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் பொத்தானை அழுத்துகிறாள். தீர்க்கப்பட்டது! இதைப் பிட்டர் தீர்க்க முடியுமா? அதிகாரி தீர்க்க முடியுமா? நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்க அலுவலகத்திலிருந்து ஆள் வர வேண்டுமா?

அலுத்துவிட்டது, ஐயா. ஆணைகளால் அலுத்துவிட்டது, அறிக்கைகளால் அலுத்துவிட்டது. இந்த முப்பத்தொரு ஆண்டில் நான் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. இன்று ஒன்று கேட்கிறேன். இனிமேல் குழாயில் மோட்டார் போடமாட்டேன் என்பவர்கள் கையை உயர்த்துங்கள். மேடைக்காக வேண்டாம், எனக்காக வேண்டாம். முடியுமென்றால் மட்டும்.

அவசரமில்லை. காத்திருக்கிறேன்.

ஒன்று. அங்கே ஒன்று. தாய்மார்கள் பக்கம் மூன்று. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்காதீர்கள் அண்ணே, உங்கள் கையைப் பாருங்கள். ஆறு. சுவரோரம் ஒரு தம்பி... ஏழு. அப்புறம்? தலைவர் அவர்களே, நீங்கள்... எட்டு.

எட்டுக் கைகள். இவ்வளவு பெரிய கூட்டத்தில் எட்டுத்தான் என்று முகம் சுளிக்கமாட்டேன். எட்டு வீட்டு மோட்டார் நின்றால், தெருக்கோடியில் ஒரு வீட்டில் ஒரு குடமாவது நிரம்பும். யாரும் பொய்யாகப் பொத்தானை அழுத்தாமலே ஒரு புகார் தீரும்.

உயர்த்திய கைகளுக்கு என் நன்றி. யோசித்துக்கொண்டே மடியில் கிடக்கும் கைகளுக்கும் என் நன்றி. நாளைக் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், அதுவரை யோசியுங்கள். விடைபெறுகிறேன். வணக்கம்.