கம்பெனி பெயிண்ட்

சொந்தக் காருக்குச் சொந்தமாகப் பெயிண்ட் அடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமை இருந்தால் போதும். எங்கள் வீதியில் பொறுமை உள்ள ஆள் நான் ஒருவன்தான் என்பதால் மற்றவர்கள் எல்லாம் பட்டறைக்கு ஓடுகிறார்கள். எதிர்வீட்டு மோகன்குமார் ஸ்கூட்டரில் விழுந்த ஒரு கீறலுக்காக அதை மூன்று நாள் பட்டறையில் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போனான். திரும்பி வந்த ஸ்கூட்டரில் கீறலைக் காணோம். பக்கக் கண்ணாடி ஒன்றையும் காணோம். நான் கேட்கும்வரை அவனுக்கே அது தெரியாது.

இதை வைத்து என்னை அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவன் என்று நினைத்துவிட வேண்டாம். நாமக்கல்லில் முட்டைக் குடோனில் முப்பத்தொரு வருடம் முட்டையைத் தரம் பிரித்தவன் நான். ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். ஓய்வு பெற்ற பிறகு முட்டைக்குப் பதிலாக வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

என் பெயர் நாச்சிமுத்து. இப்போதெல்லாம் இந்தப் பெயரைச் சொன்னால் கூடவே பெரியசாமி பெயரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

கார் பதினேழு வருடத்துப் பழசு, வெள்ளி நிறம். இடதுபக்க முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு ஒரு சாண் அகலத்துக்கு உள்வாங்கியிருந்தது. என் மனைவி சௌந்திரம் மகள் பிரசவத்துக்காக எடப்பாடி போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று. அவள் இருந்திருந்தால் எங்கே, எப்படி என்று ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள்.

வெள்ளி நிறம் மாதிரி ஏமாற்றுகிற நிறம் வேறில்லை. அதில் மினுமினுப்புத் தூள் இருக்கிறது. கை கொஞ்சம் சாய்ந்தால் நிறம் மாறிவிடும். அடிபட்ட இடத்துக்கு மட்டும் அடித்தால் கன்னத்தில் தேமல் படர்ந்ததுபோல் தெரியும். பக்கத்துக் கதவுவரை கொண்டுபோய்ப் புகைபோலக் கரைத்துவிட வேண்டும். லாரி பாடி கட்டும் பட்டறைக்கு எதிரே உள்ள டீக்கடையில் தினமும் உட்காருகிறவன் என்பதால் இதெல்லாம் எனக்குக் காதுவழியே வந்த படிப்பு.

அந்தப் பட்டறையில்தான் பக்கத்து வீட்டுப் பூபதி பெயிண்டராக இருந்தான். நியாயமாக அவனிடம்தான் போயிருக்க வேண்டும். ஆனால் தகட்டைப் பார்த்ததும் எதில் இடித்தது என்று கேட்பான். அதனால் பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கப்போகிறேன் என்று சொல்லி, அவனுடைய ஸ்ப்ரே கன்னையும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரையும் வாங்கிக்கொண்டேன். அவனிடம் இருந்த அரை டின் வெள்ளி பெயிண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். அவனும் என்னுடையது போலவே ஒரு பழைய காரை வாங்கி வைத்திருந்தான். அதே நிறம், அதே மாடல். வண்டி ஓடும், ஆனால் முன்தகடு துருப்பிடித்து இரண்டு வருடமாகப் பெயிண்ட் பார்க்காமல் கொட்டகைக்குள் நிற்கிறது. பகலெல்லாம் லாரிக்கு மயிலும் தாமரையும் வரைகிறவனுக்குச் சொந்தக் காரென்றால் நாளைக்குத்தான்.

பூபதிக்கு அந்தச் சமயம் மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. திருச்சியிலிருந்து வியாழக்கிழமை விமானம். விசாக் கெடுவும் அந்த வியாழனோடு முடிகிறது. அதைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நாலு வருட அலைச்சல். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அவன் மனைவி சுகன்யா போனில் தன் அம்மாவிடம் சொன்னபோது நான் முருங்கைக்கீரை பறித்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவப் பரிசோதனைக்காக அவன் சென்னை போன மூன்று நாளும் நான் கொட்டகையில் அவனுடைய காரில் பழகினேன். எந்த வேலைக்கும் பழக்கம் வேண்டும், பழகுவதற்குச் சொந்தக் காரையா கெடுத்துக்கொள்வார்கள்? கன் கொடுத்ததற்குக் கைம்மாறாகத் துருவை எடுத்துத் தருகிறேன் என்று சுகன்யாவிடம் சொன்னேன். அவள் டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தாள். முதல் நாள் பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசையில் அதை இறுக வைக்கிற ஹார்டனர் கூடிப்போய்க் கையிலேயே கல்லாகிவிட்டது. இரண்டாம் நாள் தேய்த்த தேய்ப்பில் தகடு பல்லைக் காட்டியது. மூன்றாம் நாள் பெயிண்ட் மெழுகுவத்திபோல் வழிந்தது. வழிந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டு, பட்டிக்கு மேல் சாம்பல் நிற அடிப்பூச்சான பிரைமரோடு அப்படியே விட்டுவிட்டேன். கற்க வேண்டியதைக் கற்றாயிற்று.

பிறகு என் வீட்டுப் பின்புறத்தில் என் காரைத் தொட்டேன். சௌந்திரத்தின் பழைய சேலைகளை நனைத்து நாலு பக்கமும் கட்டினேன். தரையில் தண்ணீர் தெளித்தேன், தூசி எழக்கூடாது. ஆடிக்காற்று கிளம்புவதற்குள் காலை ஒன்பது மணிக்கே வேலையை முடித்துவிட வேண்டும். தகட்டில் ஒட்டியிருந்த சோளத்தட்டுச் சருகையும் ஒரு தோள்துண்டின் நூல் நாலைந்தையும் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். மரச் சுத்தியலில் சாக்கைச் சுற்றி உள்பக்கமிருந்து மெதுவாகத் தட்டினேன். தகடு அதன் பழைய வளைவுக்குத் தானாக வந்தது. பட்டி காகிதக் கனத்துக்கு மேல் போகவில்லை. வீதியில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. வழக்கமாகக் கவனிக்கிறவன் வேலையில் இருந்தேன் அல்லவா.

இனிப் பெரியசாமி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜேடர்பாளையம் போகிற வாய்க்கால் பாதை, இதற்கெல்லாம் முந்திய ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. வழியில் ஒரு தோட்டத்தில் அண்ணன் தம்பி இருவரும் நடுவே சுவர் எழுப்புவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இடுப்பளவா, தலைக்கு மேலா என்று திரும்பிப் பார்த்தேன். தலைக்கு மேல்தான். அந்த அரை நொடியில் சைக்கிளில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டுக் கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த பெரியசாமி என் காருக்கு முன்னால் இருந்தார்.

இறங்கினேன். முதலில் ஹெட்லைட்டைப் பார்த்தேன், உடையவில்லை. மனசு லேசாயிற்று. பிறகு தகட்டைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். பள்ளத்தில் மல்லாந்து கிடந்தார், கண் திறந்திருந்தது.

"ஆரையாச்சும் கூப்புடு சாமி," என்றார்.

குரல் தெளிவாக இருந்தது. ஆகவே பெரிய அடி இல்லை என்று முடிவுக்கு வந்தேன். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் கூப்பிட்டால் முதலில் பெயரைக் கேட்பார்கள். தட்டுக் கட்டை இழுத்து அவர் முகத்துக்கு நிழல் விழுகிற மாதிரி வைத்தேன். வேறு யாராக இருந்தாலும் அதுகூடச் செய்திருக்க மாட்டார்கள். ஐந்து மணிக்குத்தான் யாரோ பார்த்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். நாலு பேர் போகிற இடத்துக்கு நான் போகாமல் இருந்ததில்லை. பாவம், வெயிலிலாவது கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்று அவர் மனைவி மாரக்காளிடம் சொன்னேன்.

"ஆமாங்க சாமி. தட்டுக்கட்டு மூஞ்சிக்கு நெழலாக் கெடந்துச்சாமுங்க. அவரே இழுத்து வெச்சிருப்பாருங்க," என்றாள்.

நான் திருத்தவில்லை. அங்கேயும் நான் செய்ததற்கு இன்னொருவருக்குப் பெயர்.

வழியில் ஏதோ அரிசி ஆலைக் கேமராவில் வெள்ளி நிறக் கார் ஒன்று தெரிந்திருக்கிறது, எண் தெரியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் மஞ்சுளா வெள்ளி நிறக் காராகத் தேடிக்கொண்டு எங்கள் வீதிக்கு வந்தபோது, என் கார் வாசலில் பளபளவென்று நின்றது. பூபதியின் கார் கொட்டகைக்குள் சாம்பல் நிறப் பிரைமரோடு நின்றது. இடதுபக்க முன்தகடு, புதுப் பட்டி. விபத்து நடந்த ஞாயிறன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாகப் பூபதி சொன்னான். அவன் மனைவியைத் தவிர சாட்சி இல்லை.

பட்டி பூசியது பக்கத்து வீட்டு மாமாதான் என்று சுகன்யா உண்மையைச் சொன்னாள். வீதியே சிரித்தது. மோகன்குமார்தான் அதிகம் சிரித்தான்.

"ஏனுங்க மேடம், இவரு ஊட்டுக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சாருங்க. பாதி பெயிண்ட் நாய் மேலதானுங்க இருந்துச்சு."

மஞ்சுளா என் பக்கம் திரும்பினார். "என்னயப் பாத்தா பெயிண்டராட்டந் தெரியுதுங்களா?" என்று கேட்டேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். பூபதியின் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். வியாழனுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

மறுநாள் சுகன்யா என் வீட்டுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் தலையில் பூ வைத்திருந்தாள், அதையும் கவனித்தேன்.

"மாமா, நீங்கதான அந்தப் பட்டியப் பூசுனீங்க. ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. அவரு பொழப்பே அந்தப் பாஸ்போட்டுலதான் இருக்குது."

பார்க்கலாம் என்றேன். டீ குடிக்கச் சொன்னேன். குடிக்காமல் போய்விட்டாள். ஆறு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

புதன்கிழமை மஞ்சுளா பட்டறை மேஸ்திரி தீர்த்தகிரியைக் கூட்டிவந்து இரண்டு கார்களையும் காட்டினார். நாற்பது வருடம் தகட்டோடு வாழ்ந்த மனுஷன். விரல் முட்டியால் தட்டினாலே அடியில் எவ்வளவு பட்டி இருக்கிறதென்று சொல்லிவிடுவார். பூபதியின் காரைத் தட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எங்க பூபதி இத்தன கேவலமாப் பண்ண மாட்டானுங்க. ஏதோ கத்துக்குட்டி கை வெச்சிருக்குது."

பொறுத்துக்கொண்டேன். பழகியதைப் பார்த்துவிட்டா ஒருவன் தொழிலை எடைபோடுவது? அப்புறம் என் காருக்கு வந்தார். தட்டினார், குனிந்தார், வெயிலுக்கு எதிராகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதுல ஆரும் கையே வெக்கலீங்க. கம்பெனி பெயிண்ட்."

அந்த வீதியில் நின்ற அத்தனை பேரிலும் அதைவிடப் பெரிய பாராட்டை வாழ்நாளில் வாங்கியவர்கள் யாரும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. மெக்கானிக் இல்லை, பெயிண்டர் இல்லை, ஏதோ ஒரு தொழிற்சாலை மிஷின் என் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது. கத்துக்குட்டி எவனாக இருந்தாலும் வண்டி உன்னுடையதுதானே என்று பூபதியிடம் சொல்லிவிட்டு மஞ்சுளா பாஸ்போர்ட்டைக் கொடுக்காமலே போனார்.

அன்று மாலை சௌந்திரம் ஊரிலிருந்து வந்தாள். பெட்டியை இறக்குவதற்குள் அவளிடம் சொல்லிவிட்டேன், காரைச் சரிசெய்து பெயிண்ட் அடித்தது நான்தான், மேஸ்திரியே கம்பெனி பெயிண்ட் என்று ஏமாந்துவிட்டார் என்று. பூபதியிடம் சொன்ன பேச்சுக்காக நான் ஒரு கை பெயிண்ட் அடித்து வைத்திருந்த பீரோவைத் தொட்டுவிட்டு அவள் விரலைக் காட்டினாள்.

"ஏனுங்க, இதே இன்னும் காயாம ஒட்டுது. கம்பெனி பெயிண்ட்டுக்குப் போட்டிக்கு வந்துட்டீங்களாக்கு."

கட்டிய மனைவியும் நம்பவில்லை. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு அப்பாவி என்னால் கஷ்டப்படுகிறானே என்ற எண்ணம்தான் உறுத்தியது என்று வைத்துக்கொள்கிறேன்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். வெளியே பெஞ்சில் பூபதி பெட்டியோடு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் சுகன்யா. பதினோரு மணிக்குள் பாஸ்போர்ட் கைக்கு வந்தால் வாடகைக் காரில் திருச்சிக்குப் போய்விடலாம் என்று அங்கே நின்றவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியசாமியை இடித்தது நான். உயிரோடு விட்டுவிட்டு வந்தது நான். மஞ்சுளா முதலில் நம்பவில்லை. நிழலுக்குத் தட்டுக் கட்டை வைத்ததையும் பெரியசாமி என்ன சொன்னார் என்பதையும் சொன்ன பிறகு எழுத ஆரம்பித்தார். எழுதிவிட்டுப் படித்துக் காட்டினார். 'பூபதியின் உதவியுடன் காரைச் சரிசெய்து குற்றத்தை மறைத்தேன்' என்று இருந்தது.

கையெழுத்துப் போட முடியாது என்றேன்.

"கன்னும் அவருது, பெயிண்டும் அவருது. அவரு இல்லாம இப்புடி வருமாங்க? தீர்த்தகிரியே ஏமாந்துட்டாரு," என்றார் மஞ்சுளா.

ஒரு நிரபராதிமேல் பழி விழ விடமாட்டேன் என்று உறுதியாக நின்றேன். பட்டி நான், பிரைமர் நான், பெயிண்ட் நான், பக்கத்தில் ஈ காக்கை இல்லை. கடைசியில் பூபதியின் பெயரை அடித்தார். அப்போது மணி பத்தரை. கையெழுத்து விழுந்ததும் அவன் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.

மறுபடி படித்துப் பார்த்தேன். 'மறைத்தேன்' என்ற சொல் அப்படியே இருந்தது. நான் எதையும் மறைக்கவில்லை. வாசலில், எல்லோரும் பார்க்கத்தானே காரை நிறுத்தியிருந்தேன்? 'சரிசெய்தேன்' என்பதோடு நிறுத்தச் சொன்னேன். மஞ்சுளா மறுத்தார். நான் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன். அவர் மேலதிகாரிக்குப் போன் செய்தார், மேலதிகாரி கூட்டத்தில் இருந்தார், கூட்டம் முடிய மதியமாயிற்று, புதிதாகத் தாள் வைத்து எழுத வேண்டியிருந்தது. இரண்டரை மணிக்கு, நான் சொன்னபடியே இருந்த தாளில் தெளிவாகக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே கூட்டிவந்தபோது பூபதி பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். இனிப் பறந்துபோனாலும் திருச்சியில் விமானத்தைப் பிடிக்க முடியாது. அவன் என்னைப் பார்த்தான். அவசரப்பட்டால் எந்த வேலையும் சுத்தமாக வராது என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன்.