கார்த்திகையில் தீரும் பணம்

காரைக்குடியில் கணக்கு எழுதப் பத்தி பிரித்து அச்சடித்த அகலத் தாள் எல்லாக் கடையிலும் கிடைக்காது. நான் மதுரையிலிருந்து வரவழைத்தேன். அதற்கு மட்டும்தான் கொஞ்சம் ஆடம்பரமாகச் செலவு செய்தேன் என்று சொல்லலாம்.

என் பெயர் குமரப்பன். பி.காம். படித்தவன். ஊர் கானாடுகாத்தான். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நானாகத்தான் வந்திருக்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வழக்கப்படி, கல்யாணமாகி ஒரு வருடம் ஆனதும் என்னையும் நாச்சியம்மையையும் வேறு வைத்தார்கள். வீடு அதேதான், அடுப்பு மட்டும் தனி. வருடத்துக்கான நெல்லும் கைச்செலவுப் பணமும் தை மாதத்தில் அப்பச்சி, அதாவது என் அப்பா, ஒரே தடவையாகத் தந்துவிடுவார். அடுத்த தை வரை எங்கள் பாடு. இடையில் போய்க் கேட்பவனைக் கையாலாகாதவன் என்பார்கள்.

அந்தப் பணத்தைப் பாங்கில் போட்டேன். மாதக் கடைசி இருப்பைத் தாளில் ஏற்றி, பக்கத்தில் கட்டத்தாளில் புள்ளி வைத்து, ஸ்கேலால் கோடு இழுத்தேன். பங்குனியில் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. தினமும் காலையில் இன்சுலின் போடச் சொன்னார் டாக்டர். போடுவதற்கு நானே பழகிக்கொண்டேன். அதன்பின் கோடு வேகமாக இறங்கியது. நீட்டிப் பார்த்தேன். கார்த்திகையில் தரையைத் தொட்டது.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"இது என்னங்க, கம்மாய்க் கரை மாதிரி சரிஞ்சு போகுது?"

"நம்ம பணம்."

"அப்ப கார்த்திகையில ரெண்டு பேரும் முங்கிருவோமாக்கும். பி.காம். படிச்சவுக வீட்டுல புளி மொளகாய்க்குக் கூடப் படம் போடுவாக போல."

சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தையில் மறுபடி பணம் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கைக்கு வராத பணத்தை வரவில் ஏற்றக் கூடாது என்றுதான் கல்லூரியில் படித்தேன். ஏற்றவில்லை.

எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று பத்தி பத்தியாகப் பார்த்தேன். பருப்பு, பால், எண்ணெய் எல்லாம் ஏற்கெனவே குறைவு. ஒன்றே ஒன்றுதான் பெரிதாக இருந்தது. ஆடியில் மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தேன். ஆவணியில் இன்னும் கொஞ்சம். ஊசிக் குழாய் வெறுமையாகத் தெரிந்தால் அவள் கேட்பாள் என்று, கொதித்து ஆறிய தண்ணீரால் மிச்சத்தை நிரப்பினேன்.

கல்லலிலிருந்து அவள் அப்பா வந்திருந்தார்.

"புள்ள மெலிஞ்சிருக்கே. மருந்துச் செலவுக்கு ஏதும் அனுப்பட்டுமா மாப்பிள்ளை?"

"வேண்டாம் மாமா. எங்க கணக்கு சரியா இருக்கு."

அவர் அதற்காகவே என்னை மெச்சினார். நாச்சியம்மை என்னைப் பார்த்தாள்.

புரட்டாசியில் அவள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். "இன்னைக்கு ஊசி போட்டீகளா, இல்ல படம் போட்டுக்கிட்டே மறந்துட்டீகளா?" என்றாள். போட்டேன் என்றேன். பொய் இல்லை.

ஐப்பசியில் கோட்டின் சரிவு குறைந்து ஏறக்குறையக் கிடையாகத் திரும்பியது. அவளால் அப்போது ரொம்ப நேரம் உட்கார முடியவில்லை. தாளைப் படுக்கைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"சரிவு நின்னுருச்சு, பாத்தியா?"

அவள் விரலால் அந்தக் கோட்டைத் தடவினாள். "அப்ப நான் பொழைச்சுக்கிட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

ஆமாம் என்றேன்.

மார்கழியில் ஒரு காலை எழுப்பினேன், எழவில்லை. மூச்சு மட்டும் பெரிது பெரிதாக வந்தது. ஆஸ்பத்திரியில் எவ்வளவு மருந்து போட்டீர்கள் என்று கேட்டார்கள். சீட்டில் எழுதியிருந்த அளவைச் சொன்னேன். சில உடம்புக்கு மருந்து கேட்பதில்லை என்று டாக்டர் என் தோளைத் தொட்டார். சாயங்காலம் அவள் போய்விட்டாள். பாங்கில் பணம் இருந்தது.

தை பிறந்ததும் அப்பச்சி வழக்கம்போல் பணம் கொடுத்தார். ஒரு ஆளுக்கான நெல்லை அளந்து போடச் சொன்னார். "பணமுடை இருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். முடை எதுவும் இருக்கவில்லை என்றேன். அது உண்மைதான், பாஸ்புத்தகத்தை நீங்களே பார்க்கலாம்.

அவளைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதுங்கள். ஆனால் என் முறையில் பிழை இல்லை என்பதையும் கூடவே எழுதவேண்டும். ஒரு வருடத்துப் புள்ளிகளை மட்டும் வைத்துக் கோடு போட்டால் அப்படித்தான் வரும்; தையில் மறுபடி ஏறுவது அதில் தெரியாது. நாச்சியம்மை இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால் எனக்குச் சரியாக வந்திருக்கும்.