இரவல் சங்கிலி

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், மலேசியாவில் பத்து காஜா ஊரிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் முன்னிருக்கைப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒட்டுக்கேட்க வசதியாக நான் தூங்குவதுபோல் நடிப்பேன். அன்று குறட்டையும் விட்டேன்.

"பிரதமர் சம்சாரம் உங்க ரப்பர் தோட்டத்துக்கு வந்து, நடக்க முடியாத பிள்ளைங்களுக்கு வீல்சேர் கொடுத்தாங்களாமே. உங்க மவனுக்குக் கெடைச்சிச்சாக்கா?"

"இல்லலா. பெரிய மனுசி வாராங்கன்னு பட்டுச்சேல கட்டி, தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி வீட்டுச் சங்கிலிய இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு நின்னேன். வசதியான குடும்பம்னு நெனைச்சிட்டாங்க. சிரிச்சிட்டு அடுத்த ஆளுக்குக் கொடுத்துட்டாங்க."

"இரவல்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்றது? வெக்கமாப் போச்சு."

"மவன் கோவிச்சுக்கிட்டானா?"

"இல்ல. முதுகுல தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வாரேன், காதுல சொல்றான், 'இன்னிக்கு நீ அழகா இருக்கம்மா'ன்னு."