மூட்டத்துக்குக் கீழே ஒரு குரல்

ஹலோ... ஹலோ, அண்ணே?... ஆமாண்ணே, கம்சலாதான். கேக்குதா?... இருங்க, இந்தப் பாறை மேல ஏறி நின்னாத்தான் சிக்னல் வருது... ஆ, இப்பக் கேக்குது. சொல்லுங்க. ஆளுங்க மேல ஏற ஆரம்பிச்சுட்டாங்களா?

... இன்னும் இல்லையா?

... இல்ல, நான் கத்தல. கத்தலண்ணே. காத்து அப்படி அடிக்குது, அதான். விதுர்ஷா பக்கத்துலதான் இருக்கா... நல்லாத்தான் இருக்கா. நனைஞ்சிருக்கா. என் சால்வையப் போத்தி விட்டிருக்கேன், அதுவும் ஈரமாயிருச்சு.

இவ அப்பா விழுந்த அதே எடத்துலதான் கெடக்குறாரு. எங்களால எறங்க ஏலாது.

... யாரு, போலீஸ்காரரா? ஸ்டேசன்லயா இருக்கீங்க?... வேணாம், அவருகிட்டக் குடுக்காதீங்க. எனக்கு இப்பச் சிங்களம் வாயில வராது. ஒங்ககிட்டயே சொல்றேன், நீங்க சொல்லுங்க அவருக்கு.

நமுனுகுல மலைன்னு சொல்லுங்க. பசறைப் பக்கமா ஏறினோம், உச்சிக்குக் கொஞ்சம் கீழ... ஆமா, ஆமா, குடும்பமா. நாங்க மூணு பேருந்தான். காலையில ஜெஸீம் தன்னோட த்ரீவீல்ல தோட்டத்து மேக்கணக்கு லயத்து வீடுங்க வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. அங்கேருந்து நடை. இவரு சின்ன வயசுல அந்த லயத்துலதானே இருந்தாரு, வழி தெரியும்னாரு.

... டிசம்பர் மழைக் காலத்துல ஏன் ஏறினீங்கன்னு கேக்குறாரா?... அவருக்கு லீவு குடுக்குறதே டிசம்பர்லதான்னு சொல்லுங்க. கத்தார்லேருந்து வந்து மூணு பேரும் சேந்து ஒரு எடம் போனதில்லை. அதையும் சொல்லுங்க... இல்ல, கோவப்படல. சொல்றேன்.

ஏறும்போது மூட்டமே இல்லண்ணே. நல்ல வெயிலு. பதுளை டவுன் தெரியுதுன்னு பிள்ளை போட்டோ எல்லாம் புடிச்சா. அப்பறம் மழையோட அந்தப் பக்கமிருந்து வந்து மூடிருச்சு பாருங்க... முன்னால போறவரு முதுகே தெரியல. நீங்க ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க, நான் வழியப் பாத்துட்டு வாரேன்னாரு. கொஞ்சந்தான் போயிருப்பாரு. மானாப்புல்லு பாத்தா தரை மாதிரித்தான் இருந்திச்சு. அடியில மண்ணே இல்ல... சத்தங்கூடப் போடலண்ணே. புல்லு சரசரன்னுச்சு, அவ்வளவுதான்.

... எவ்வளவு ஆழம்னு நான் எப்படிச் சொல்ல? கீழ பாத்தா வெள்ளையா இருக்கு. குரல் வந்திச்சு, அதனால உசுரோட இருக்காருன்னு தெரிஞ்சிச்சு. ஒரு மரத்துல மாட்டிக் கெடக்கேன்னாரு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியலன்னாரு.

... போனா? அவரு போன் அடிக்குதுண்ணே. ஆனா அவரு கெடக்குற பக்கம் இல்ல, வேற எங்கயோ கீழ கேக்குது. நீங்கதான் அடிச்சு அடிச்சுப் பாக்குறீங்களா?... தயவு செஞ்சு அடிக்காதீங்க. மணி கேக்குறப்பெல்லாம் பிள்ளை எந்திரிச்சு நிக்கிறா. அப்பா இப்ப எடுப்பாரு, இப்ப எடுப்பாருன்னு.

... சரி... சரி... ம்.

பாப்பா, ஒண்ணுமில்ல, மாமாதான். ஆளுங்க வாராங்களாம். நீ அந்தப் பக்கம் போகாத. அந்தக் கல்லுக்கிட்டயே உட்காரு. காலப் பாரு, அட்டை ஏறுது, தட்டி விடு.

சொல்லுங்கண்ணே. மெதுவாச் சொல்லுங்க.

... ஆளுங்க ஆத்துக்கு அந்தப் பக்கமே நிக்கிறாங்களா? ஜெஸீம் சொன்னாரா?... காலையில நாங்க செருப்ப நனைக்காமத் தாண்டி வந்தோமே அத... ம்... கயிறு கட்டியுமா?... ஒருத்தர அடிச்சுட்டுப் போகப் பாத்துச்சா. ஐயோ, வேணாம், வேணாம். அவங்களும் பிள்ளைகுட்டிக்காரங்கதானே.

அப்ப ஆர்மி?... ம்... மூட்டத்துல ஹெலி எடுக்க ஏலாது. அது எனக்கும் தெரியுது, அண்ணே. பத்தடி தள்ளி ஒண்ணும் தெரியல.

அப்ப எப்ப?

... காலையிலயா?

...

இல்ல, லைன்லதான் இருக்கேன்.

அண்ணே, காலையிலன்னு அவருகிட்டச் சொல்லிராதீங்கன்னு அந்தப் போலீஸ்காரருகிட்டச் சொல்லுங்க... என்ன பேசுறேன் நான். அவருகிட்ட யாரு போயிச் சொல்லப் போறா. எனக்குத் தலை வேலை செய்யல.

... பேசினாரு. நல்லாத்தான் பேசினாரு, முதல்ல. குளிருது, குளிருதுன்னாரு. என் சுவெட்டரக் கழட்டி உருட்டிப் போட்டேன். பாதியில முள்ளுல மாட்டிக்கிச்சு. மூட்டம் கொஞ்சம் வெலகுனா இங்கேருந்து தெரியுது. அவருக்கும் மேல தொங்குது.

பெறகு பிள்ளைகிட்டப் பேசினாரு. அண்ணே, ஒங்களுக்குத் தெரியுமே, வந்த நாளிலேருந்து அவ அவருகிட்டச் சரியா பேசவே இல்ல. யாரோ விருந்தாளி வந்த மாதிரி கதவோரமா நின்னு பாத்துக்கிட்டிருந்தா. அதுக்குத்தான் இந்த மலைக்கே கூட்டியாந்தாரு. நடந்தா பேசுவா, கம்சலான்னாரு. பேசவுஞ் செஞ்சாண்ணே. வழி பூரா வாய் மூடல. கீழ விழுந்து கெடந்துக்கிட்டுக் கேக்குறாரு, பாப்பா, நீ அடுத்த வருசம் எந்த வகுப்புன்னு. ஏழுன்னு இவ கத்துறா. நான் ஆறுன்னுல்ல நெனச்சேன்னாரு. இல்லப்பா, ஏழு, ஏழுன்னு... அந்த 'அப்பா'வ நான் இன்னைக்குத்தான் கேட்டேன்.

... அழலண்ணே. மூக்கு ஒழுகுது, குளிருக்கு.

... இப்பவா? இப்ப... இருங்க, இந்தப் பக்கம் வந்து சொல்றேன். பிள்ளைக்குக் கேக்கக் கூடாது.

இப்பக் குளிரலன்னாரு. கடைசியா அதத்தான் சொன்னாரு. கதகதன்னு இருக்கு, கம்சலா, சட்டையக் கழட்டணும் போல இருக்குன்னாரு. இந்த மழையில... அது நல்லதுக்கு இல்லைதானே? ஒங்களுக்குத் தெரியுமா?... எனக்கும் தெரியாது. ஆனா நல்லதுக்கு இல்ல. அதுக்குப் பெறகு கூப்பிட்டுப் பாக்குறேன், பதில் வரல.

... கூப்பிட்டேண்ணே. தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிட்டேன். தூங்குறாருன்னு பிள்ளைகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்.

... என்ன?

... இல்ல.

... இல்லண்ணே, நான் வரமாட்டேன். அவர இங்க விட்டுட்டு எப்படி எறங்குவேன்? முழிச்சாருன்னா? முழிச்சுக் கூப்பிட்டு, மேல யாருமே இல்லைன்னா?... நீங்க அப்படிச் சொல்லாதீங்க. நீங்க அவர மச்சான், மச்சான்னு தோள்ல கை போட்டுக்கிட்டுத் திரிஞ்சவரு. ஒங்களால விட்டுட்டு வர முடியுமா?

...

... தெரியும். அவ நடுங்குறது எனக்குத் தெரியாதா. ஒதடு நீலம் பாஞ்சிருச்சு. பேச்சுக் கொழறுது... தெரியுதுண்ணே, சும்மா சும்மா சொல்லாதீங்க.

...

அவருந்தான் சொன்னாரு. பிள்ளையக் கூட்டிட்டு எறங்கிருன்னு. நல்லாப் பேசிக்கிட்டிருந்தப்பவே சொன்னாரு. நான்தான் கேக்காத மாதிரி இருந்துட்டேன்.

... எந்த வழி?... ஆத்துப் பக்கம் இல்லாம?... அப்ப ஆளுங்க அதுல ஏறி வரலாமே... ஓ, இருட்டுறதுக்குள்ள ஏறி முடிக்க ஏலாதா?... ம்... டர்ப்பன்டைன் மரக் காட்டுக்குள்ளயா. ம்... வேலியப் புடிச்சுக்கிட்டே. எடது கைப் பக்கம் வேலி... கைய விடக் கூடாது. சரி. வேலி முடியிற எடத்துல ஜெஸீம் லைட்டோட நிப்பாரா?... நிச்சயமா நிப்பாரா?... சரி. வெளிச்சம் இருக்கும்போதே. ஆமா, ஆமா. இப்பவே இருட்டிக்கிட்டுத்தான் வருது.

... வாரேன்னு சொல்லிட்டேன்லண்ணே. திரும்பத் திரும்பக் கேக்காதீங்க. மறுபடி முடியாதுன்னு சொல்லிருவேன்.

வைக்காதீங்க. ஒரு நிமிசம். லைன்லயே இருங்க.

பாப்பா, எந்திரி. எறங்கப் போறோம்... கீழ போயி ஆளுங்களக் கூட்டிட்டு வரணும்ல. நம்ம போகாட்டி அவங்களுக்கு எடம் தெரியாது... ஆமா, அப்பாகிட்டச் சொல்லிட்டுத்தான் போவோம். வா. இதுக்கு மேல கிட்டப் போகாத. என் கையப் புடி.

ஏங்க.

ஏங்க... நாங்க எறங்குறோம். ஆளு கூட்டிட்டு வாரோம். பயப்படாதீங்க. கேக்குதா ஒங்களுக்கு?

...

ஏங்க, பாப்பாவும் இங்கதான் நிக்கிறா.

...

...

ம்னு சொன்னாரு, பாப்பா. ஆமா, சொன்னாரு. காத்துல ஒனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுச்சு... போயிட்டு வாங்கன்னுதான்.

என்ன?...

ஒனக்கும் கேட்டுச்சா?

...

சரி, தங்கம். சரி. கீழ பாத்து நட, வழுக்கும். வேலியப் புடிச்சுக்க.

அண்ணே... இருக்கீங்களா?... வேணாண்ணே, அழாதீங்க. பிள்ளைக்குக் கேக்குது. வைக்கிறேன்.